11 வயதில் ஒலிம்பிக்; 19 வயதில் இங்கிலீஷ் கால்வாய்! கல்கத்தா சிறுமி ஆரத்தி கரை ஏறிய கதை

இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் யார்?

பொது அறிவுப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், "ஆரத்தி சாகா" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். எந்த ஆண்டு? "1959." எந்த ஊர்? "கல்கத்தா." அவ்வளவுதான். ஒரு மார்க் கிடைத்துவிடும்.

ஆனால் அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் 15 ஆண்டு உழைப்பு இருக்கிறது. தாயை இழந்த ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கடல் கடந்து போய்க் கடைசியில் நின்ற ஒரு போட்டி இருக்கிறது. கூடப் பிறந்த தங்கையிடமே தோற்ற ஒரு தோல்வி இருக்கிறது. கரைக்கு மூன்று மைல் தூரத்தில் படகில் ஏற்றப்பட்ட ஒரு மாலை நேரமும் இருக்கிறது.

அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

தாய் இல்லாப் பிள்ளை

ஆரத்தி பிறந்தது 1940-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி. ஊர் கல்கத்தா. இன்றைக்குக் கொல்கத்தா என்கிறோம். தந்தை பெயர் பஞ்சுகோபால் சாகா. ராணுவத்தில் சாதாரண வேலை. நடுத்தரக் குடும்பம். மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் வீடு. வீட்டில் மூன்று பிள்ளைகள். ஆரத்தி நடுப் பிள்ளை.

அவளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது தாய் இறந்துவிட்டார்.

தாய் போனால் குடும்பம் என்ன ஆகும்? சொல்லவா வேண்டும்! மூன்று பிள்ளைகளும் ஒரே வீட்டில் வளர முடியவில்லை. அண்ணனும், தங்கை பாரதியும் தாய்மாமன் வீட்டுக்குப் போனார்கள். ஆரத்தி மட்டும் வடக்குக் கல்கத்தாவில் பாட்டியிடம் வளர்ந்தாள்.

யுத்தம், பஞ்சம், கலவரம் என்று கல்கத்தா நகரம் அல்லாடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த நெருக்கடியில்தான் இந்தக் குழந்தை நடை பழகியது, நீச்சலும் பழகியது.

படித்துறையில் பழகிய நீச்சல்

வடக்குக் கல்கத்தாவை ஒட்டி ஹூக்ளி நதி ஓடுகிறது. ஊர்க்காரர்களுக்கு அதுதான் கங்கை. கரை நெடுகப் படித்துறைகள். அதில் ஒன்று சம்பாதலா படித்துறை.

சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் அங்கே தினமும் குளிக்கப் போவார். நாலு வயது ஆரத்தியும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவாள்.

பெரியவர் குளித்துக்கொண்டு இருப்பார். குழந்தை தண்ணீரில் கை காலை அடித்துக்கொண்டு இருக்கும். அடித்து அடித்தே மிதக்கக் கற்றுக்கொண்டது. மிதந்து மிதந்தே நீந்தக் கற்றுக்கொண்டது. நம் ஊரில் கிணற்றிலும் ஆற்றிலும் பிள்ளைகள் நீச்சல் பழகுவது போலத்தான். பீஸ் கட்டிப் படித்த நீச்சல் அல்ல.

மகளுக்குத் தண்ணீர் மேல் இருக்கும் ஆசையைத் தந்தை கவனித்தார். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்பவர்கள்தான் அதிகம். நீச்சல் உடையில் பெண்கள் போட்டிக்கு நின்றால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. பஞ்சுகோபால் அதை எல்லாம் பொருட்படுத்தவில்லை. ஹட்கோலா நீச்சல் சங்கத்தில் மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

வாழ்க்கையைத் திருப்பிவிட்டது அந்த ஒரு காரியம்தான்.

5 வயதில் தங்கம்!

1946-ம் ஆண்டு. கல்கத்தாவில் சைலேந்திரா நினைவு நீச்சல் போட்டி. 110 கெஜ தூரம். ஏறக்குறைய 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயது ஆரத்தி தண்ணீரில் இறங்கினாள். தங்கப் பதக்கத்தோடு கரை ஏறினாள்!

அதற்குப் பிறகு பதக்கங்கள் வரிசையாக வரத் தொடங்கின. 1951-ம் ஆண்டு முடிவதற்குள் மேற்கு வங்காள மாநில அளவில் மட்டும் 22 போட்டிகளில் அவள் முதலாவதாக வந்துவிட்டாள்.

சச்சின் நாக் என்ற பெயரை அன்றைய விளையாட்டு ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தபோது 100 மீட்டர் நீச்சலில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அவருடைய கண்ணில்தான் இந்தச் சிறுமி பட்டாள். இவளிடம் சரக்கு இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். பயிற்சியும் கொடுத்தார்.

அன்றைக்குக் கற்றுக் கொடுப்பவர்களும் பெரிய வசதி உள்ளவர்கள் அல்ல. அவர்களே ஒரு பக்கம் போட்டிக்கு நீந்துவார்கள். இன்னொரு பக்கம் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பம்பாய்ப் பெண்ணோடு போட்டி

கல்கத்தாவில் ஜெயித்தால் போதுமா? இந்தியா பெரிய நாடு அல்லவா!

1948-ம் ஆண்டு பம்பாயில் தேசிய நீச்சல் போட்டி நடந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஆரத்தியும் போனாள். 100 மீட்டர் பிரீ ஸ்டைல் நீச்சலில் வெள்ளி. 200 மீட்டர் மார்பு நீச்சலில் வெள்ளி. 200 மீட்டர் பிரீ ஸ்டைலில் வெண்கலம். மூன்று பதக்கம் வாங்கினாள். ஆனால் தங்கம் இல்லை.

முன்னால் போனவர் டாலி நசீர் என்ற பம்பாய்ப் பெண். அந்த நாளில் பெண்கள் நீச்சல் என்றாலே டாலி நசீர்தான். அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வருவதே பெரிய விஷயம்.

ஆரத்தி அதோடு திருப்தி அடையவில்லை. மார்பு நீச்சலில் கவனத்தைத் திருப்பினாள். தவளை போல இரண்டு கையையும் ஒன்றாக விரித்து, இரண்டு காலையும் ஒன்றாக உதைத்துப் போகும் நீச்சல் அது. பார்க்க மெதுவாகத் தெரியும். நீந்திப் பார்த்தால்தான் இடுப்பு படும் பாடு தெரியும்!

1951-ம் ஆண்டு மேற்கு வங்காள மாநிலப் போட்டி. 100 மீட்டர் மார்பு நீச்சல். ஆரத்தி எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 37.6 வினாடி. டாலி நசீரின் அகில இந்திய சாதனை தகர்ந்தது! தகர்த்தவளுக்கு அப்போது 11 வயதுகூடப் பெரிய வயதுதான்.

அதே போட்டியில் 100 மீட்டர் பிரீ ஸ்டைல், 200 மீட்டர் பிரீ ஸ்டைல், 100 மீட்டர் மல்லாந்த நீச்சல் ஆகியவற்றிலும் புது மாநில சாதனைகள் படைத்தாள்.

மறு ஆண்டு ஒலிம்பிக். அழைப்பு வந்தது.

ஹெல்சிங்கிக்குப் போன சிறுமி

1952-ம் ஆண்டு ஜூலை மாதம். பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி.

சுதந்திர இந்தியா முதன்முறையாகப் பெண்களை ஒலிம்பிக்குக் கூட்டிக்கொண்டு போனது. மொத்தம் நான்கே பேர். ஓட்டப் பந்தயப் பிரிவில் நீலிமா கோஷ், மேரி டி சோசா. நீச்சலில் டாலி நசீர், ஆரத்தி சாகா. போன ஆண்டு வரை எதிரெதிராக நீந்திய இருவரும் இப்போது ஒரே அணி!

நால்வரில் கடைக்குட்டி ஆரத்தி. வயது 11, பன்னிரண்டு நிரம்ப இன்னும் இரண்டு மாதம் பாக்கி. இந்தியாவில் இருந்து ஒலிம்பிக்குப் போனவர்களிலேயே மிகச் சிறியவர் என்ற பெயர் இவருக்குத்தான்.

நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளையைப் பக்கத்துத் தெருக் கடைக்கு அனுப்பவே இரண்டு தடவை யோசிப்போம். இந்தப் பிள்ளை உலகம் எல்லாம் கூடி இருக்கும் இடத்தில் போய் நின்றது.

ஆரத்தி கலந்துகொண்டது 200 மீட்டர் மார்பு நீச்சல். முதல் சுற்றில் அவள் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 40.8 வினாடி. அதற்கு மேல் போக முடியவில்லை. அந்தப் போட்டியில் தங்கம் வாங்கியவர் ஹங்கேரி நாட்டு ஈவா செகெய். அவருடைய நேரம் 2 நிமிடம் 51.7 வினாடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 49 வினாடி வித்தியாசம்! செகெய் சுவரைத் தொட்டு, மூச்சு வாங்கி, தலையைத் துவட்டிக்கொள்ளும் நேரம் அது.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. செகெய்க்கு அப்போது வயது 25. ஆரத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதோடு, அந்த நாளில் மார்பு நீச்சல் போட்டியில் கைகளைத் தண்ணீருக்கு மேலே வீசி நீந்தவும் விதி இடம் கொடுத்தது. செகெய் ஜெயித்தது அந்தப் பட்டாம்பூச்சி முறையில்தான். ஹெல்சிங்கிக்குப் பிறகு விதியை மாற்றினார்கள். பட்டாம்பூச்சி நீச்சல் தனிப் போட்டி ஆகிவிட்டது.

அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கியில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. மல்யுத்தத்தில் கே.டி.ஜாதவ் வெண்கலம் வாங்கினார். பத்திரிகைகளில் அவர்களுக்குப் பெரிய எழுத்து. முதல் சுற்றோடு நின்ற 11 வயதுச் சிறுமியை யார் தேடப் போகிறார்கள்?

தங்கையிடம் தோல்வி!

ஒலிம்பிக் போய் வந்தவள் என்ற பெயரோடு ஆரத்தி ஊர் திரும்பினாள். இனி உள்ளூரில் யார் இவளை ஜெயிக்க முடியும் என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது!

தாய்மாமன் வீட்டில் வளர்ந்த தங்கை பாரதியும் நீச்சல் வீராங்கனை ஆகி இருந்தாள். 100 மீட்டர் பிரீ ஸ்டைல் போட்டியில் அக்காவும் தங்கையும் ஒன்றாகக் குதித்தார்கள். ஜெயித்தது தங்கை.

ஒலிம்பிக்கில் தோற்றது ஒரு வேதனை. தங்கையிடம் தோற்பது வேறு மாதிரி. வெளியே காட்டிக்கொள்ளவும் முடியாது, கோபப்படவும் முடியாது.

ஆரத்தி என்ன செய்தாள் தெரியுமா? அந்தத் தோல்விக்குப் பிறகு பிரீ ஸ்டைலை விட்டுவிட்டாள். தனக்குக் கை வந்த மார்பு நீச்சல் ஒன்றே போதும் என்று அதிலேயே முழுக் கவனத்தையும் வைத்தாள்.

இன்னொரு பக்கம் கங்கையில் நடக்கும் நீண்ட தூர நீச்சல் போட்டிகளிலும் கலந்துகொண்டு வந்தாள். குளத்துப் போட்டி ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆற்றுப் போட்டி அப்படி அல்ல, மணிக்கணக்கு. அங்கே வேகம் இரண்டாம் பட்சம். தாக்குப்பிடிப்பவர்தான் ஜெயிப்பார்.

49 வினாடி பின்தங்கிய பெண்ணுக்குத் தன்னுடைய இடம் எது என்பது மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கியது.

டாக்காவில் இருந்து வந்த நம்பிக்கை

1958-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு செய்தி வந்தது. பிரஜன் தாஸ் என்ற வீரர் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்துவிட்டார்! டாக்காவைச் சேர்ந்தவர். அன்றைய கிழக்குப் பாகிஸ்தான்காரர். இந்தியத் துணைக் கண்டத்தில் இருந்து கால்வாயைக் கடந்த முதல் ஆள் அவர்தான். ஆண்களில் முதலாவதாகவும் அவரே வந்தார்.

ஆனால் அந்தப் போட்டியில் ஆண், பெண் எல்லோரையும் முந்தியவர் கிரேட்டா ஆண்டர்சன் என்ற பெண்மணி! டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்.

இந்தச் செய்தி ஆரத்தியைத் தூங்க விடவில்லை. பிரஜன் தாசுக்கு வாழ்த்து அனுப்பினார். பதில் வந்தது. ஆரத்தியாலும் முடியும் என்று பிரஜன் தாஸ் நம்பிக்கை சொல்லி இருந்தார். அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரத்தியின் பெயரைப் போட்டி நடத்துபவர்களிடம் அவரே சிபாரிசு செய்தார். நாடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் நீச்சல்காரருக்கு நீச்சல்காரர் கை கொடுத்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி மிகிர் சென் கால்வாயைக் கடந்தார். கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் அவர். அவரும் வங்காளிதான். இனி ஒரு இந்தியப் பெண் கடக்க வேண்டியதுதான் பாக்கி.

பணத்துக்கு எங்கே போவது?

ஆசை இருக்கிறது. அழைப்பும் இருக்கிறது. பணம்?

இங்கிலாந்துக்குப் போக வர டிக்கெட். அங்கே வாரக்கணக்கில் தங்கச் செலவு. சாப்பாடு, பயிற்சி. நடுத்தரக் குடும்பத்துக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத தொகை.

ஹட்கோலா சங்கத்தின் துணை நிர்வாகச் செயலாளர் டாக்டர் அருண் குப்தா முன்வந்தார். ஆரத்தியின் நீச்சல் காட்சிகளை ஆங்காங்கே நடத்திப் பணம் திரட்டினார். சங்கத்தைச் சேர்ந்த வேறு சிலரும் அலைந்தார்கள். அப்படியும் போதவில்லை.

கடைசியில் சமூக சேவகர்கள் சிலர் முதல்-மந்திரி பி.சி.ராயிடம் விஷயத்தைக் கொண்டுபோனார்கள். அவர் ரூ.11 ஆயிரம் உதவித் தொகைக்கு ஏற்பாடு செய்தார். பிரதமர் நேருவும் இந்த முயற்சியில் அக்கறை காட்டினார்.

ரூ.11 ஆயிரம் என்றால் இன்றைக்கு ஒரு கைப்பேசி வாங்கும் காசு. ஆனால் அது ஒரு பவுன் தங்கம் 100 ரூபாய்க்குள் விற்ற காலம். நூறு பவுனுக்கு மேல் வாங்கலாம்! அத்தனை பெரிய தொகையை ஒரு பெண்ணின் நீச்சலை நம்பிக் கொடுத்தார்கள்.

வாங்கிய கைக்கு அந்தக் கனம் தெரியாமல் இருக்குமா?

16 மணி நேரப் பயிற்சி

பணத்துக்கு மற்றவர்கள் அலைந்துகொண்டிருந்தபோது ஆரத்தி தண்ணீரிலேயே கிடந்தார்.

1959-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. கல்கத்தா தேசபந்து பூங்காவில் உள்ள குளம். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம். பேர்பெற்ற நீச்சல் வீரர்களும் வந்திருந்தார்கள். ஆரத்தி தொடர்ந்து 8 மணி நேரம் நீந்திக் காட்டினார்.

ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, மதியம் சாப்பிட்டு, மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நேரமும் தண்ணீரில்!

பிறகு அதையும் இரண்டு மடங்கு ஆக்கினார். தொடர்ந்து 16 மணி நேரம் நீந்தினார். கடைசி 70 மீட்டரை முழு வேகத்தில் பாய்ந்து முடித்தார். களைப்பு அவ்வளவாகத் தெரியவில்லை.

ஜூலை 24-ந் தேதி டாக்டர் அருண் குப்தாவுடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆகஸ்டு 13-ந் தேதி முதல் கால்வாய் நீரிலேயே பயிற்சி. அதே போட்டியில் கலந்துகொள்ள வந்திருந்த இந்திய வீரர் டாக்டர் பிமல் சந்திராவும் கூட இருந்து யோசனைகள் சொன்னார்.

பேர்தான் கால்வாய்!

இங்கிலீஷ் கால்வாய் என்றதும் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பேர்தான் கால்வாய். உண்மையில் கடல்! பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கிடக்கிறது. மிகக் குறுகலான இடத்திலேயே அகலம் சுமார் 21 மைல். ராமேசுவரம் பக்கம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள தூரத்தைவிடச் சற்றுக் கூடுதல்.

ஆனால் 21 மைல் நீந்தினால் போதாது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை நீரோட்டம் திசை மாறும். ஒரு தடவை கிழக்கே இழுக்கும். இன்னொரு தடவை மேற்கே இழுக்கும். நேராகப் போக நினைத்தாலும் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். தூரம் இரண்டு மடங்கு ஆனாலும் ஆகும்.

கோடைக் கடைசியில்கூடத் தண்ணீர் 15 முதல் 18 டிகிரிக்குள்தான் இருக்கும். கல்கத்தா வெயிலில் வளர்ந்தவருக்கு அது ஐஸ் தண்ணீர். உடம்பு முழுக்கக் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்குவார்கள். பசித்தால் படகில் இருந்து நீட்டுவதை மிதந்தபடியே சாப்பிட வேண்டும். படகைத் தொடக் கூடாது. யாராவது நம்மைத் தொட்டுத் தாங்கினாலும் முயற்சி செல்லாது.

கால்வாயைக் கடந்த முதல் பெண் அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி. 1925-ல் பாதியில் தூக்கப்பட்டுத் தோற்றவர், 1926-ல் ஜெயித்தார். ஆரத்திக்கும் விதி அதே வழியைத்தான் வைத்திருந்தது.

படகு வரவில்லை!

ஆகஸ்டு 27-ந் தேதி. பிரான்சுக் கரையில் கிரிநே முனை. நேரம் நள்ளிரவு 1 மணி. 23 நாடுகளில் இருந்து வந்த 58 பேர் போட்டிக்குத் தயார். அதில் பெண்கள் 5 பேர்தான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டிப் படகு உண்டு. நீரோட்டம் தெரிந்த படகோட்டி அதில் இருப்பார். அந்தப் படகு இல்லாமல் இறங்க முடியாது.

மற்றவர்கள் படகு வந்தது. ஆரத்தியின் படகு வரவில்லை!

மற்றவர்கள் இருட்டில் நீந்திப் போய்விட்டார்கள். கொழுப்புப் பூசிய உடம்போடு ஆரத்தி கரையிலேயே காத்திருந்தார். 40 நிமிடம் கழித்துத்தான் படகு வந்தது.

பஸ்ஸுக்கு 40 நிமிடம் காத்திருந்தால் ஆபீசுக்கு லேட் ஆகும்; அவ்வளவுதான். கடல் அப்படி அல்ல. நீரோட்டம் நேரம் பார்த்து மாறும். சாதகமான நேரம் கை நழுவிப் போய்விட்டது.

ஆனாலும் விடவில்லை. விடிந்தது. காலை 11 மணிக்கு இங்கிலாந்துக் கரைக்கு 5 மைல்தான் பாக்கி! அந்த நேரம் பார்த்து எதிர் நீரோட்டம் பிடித்துக்கொண்டது.

கையை வீசினார்; காலை உதைத்தார். இருந்த இடத்திலேயே இருப்பது போல ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. மாலை 4 மணி ஆனபோது, அந்த 5 மணி நேரத்தில் அவர் முன்னேறி இருந்தது இரண்டே மைல்!

இன்னும் நீந்துகிறேன் என்றுதான் ஆரத்தி நின்றார். படகோட்டி ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய வற்புறுத்தலால் படகில் ஏற வேண்டியதாயிற்று.

14 மணி நேரத்துக்கு மேல் நீந்தி, மூன்று மைல் பாக்கி இருக்கும்போது எல்லாம் முடிந்துபோனது.

அந்த 33 நாட்கள்

இந்த இடத்தில் எத்தனையோ பேர் ஊருக்குத் திரும்பி இருப்பார்கள். யாரும் குறை சொல்லி இருக்கவும் மாட்டார்கள். படகு வராதது அவர் குற்றமா? நீரோட்டம் மாறியது அவர் குற்றமா? காரணம் சொல்ல ஆயிரம் இருந்தது.

ஆரத்தி திரும்பவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தார்.

அடி மேல் அடி என்பார்களே, அது போல டாக்டர் அருண் குப்தாவுக்கும் உடம்புக்கு முடியாமல் போனது. அந்நிய மண்ணில் துணைக்கு வந்தவரே படுத்துவிட்டார். ஆரத்தி பயிற்சியை நிறுத்தவில்லை. நாளுக்கு நாள் தண்ணீர் குளிர்ந்துகொண்டே வந்தது. இலையுதிர் காலம் நெருங்கிவிட்டது. இதை விட்டால் அடுத்த ஆண்டுதான். அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் யார் பணம் தருவார்கள்?

செப்டம்பர் 24-ந் தேதி அவருக்கு 19 வயது நிரம்பியது. ஐந்து நாள் கழித்து மறுபடியும் கிரிநே முனையில் போய் நின்றார்.

கரை ஏறினார்!

1959-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி. இந்தத் தடவை கூடப் போட்டி போட ஆள் இல்லை. கடலும் அவரும்தான்.

அலை பலமாக அடித்தது. ஒரு மணி, இரண்டு மணி அல்ல. 16 மணி நேரம் 20 நிமிடம்! நீரோட்டத்தில் வளைந்து வளைந்து அவர் நீந்திய தூரம் 42 மைல் என்று கணக்கிட்டார்கள். சென்னையில் இருந்து காஞ்சிபுரம் போகும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸில் போனாலே நமக்கு முதுகு வலிக்கும்!

கல்கத்தா குளத்தில் பழகியது 16 மணி நேரம். கடலில் நீந்தியது 16 மணி 20 நிமிடம். பயிற்சிக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது பாருங்கள்.

இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் அவர் கால் பட்டது. கரை ஏறியதும் இந்திய தேசியக் கொடியை ஏற்றினார்.

முதல் வாழ்த்து, லண்டனில் அப்போது இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டிடம் இருந்து வந்தது. நேருவும் பாராட்டினார். மறு நாள், செப்டம்பர் 30-ந் தேதி, அகில இந்திய வானொலி செய்தியை அறிவித்தது. ஆசியாவிலேயே கால்வாயைக் கடந்த முதல் பெண்!

ஹெல்சிங்கியில் யாரும் தேடாத சிறுமியை அன்றைக்கு நாடே தேடியது.

அதற்குப் பிறகு

1960-ம் ஆண்டு மத்திய அரசு ஆரத்திக்கு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. விளையாட்டு வீராங்கனை ஒருவர் பத்மஸ்ரீ பெற்றது அதுவே முதல் தடவை.

தனக்காக அலைந்த டாக்டர் அருண் குப்தாவையே ஆரத்தி மணந்துகொண்டார். ஒரு மகள் பிறந்தாள். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. நம்மில் பலரைப் போல அவரும் ஆபீசுக்குப் போய் வந்தார்.

1994-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி கல்கத்தாவில் ஆரத்தி காலமானார். மஞ்சள் காமாலையும் மூளைக் காய்ச்சலும் சேர்ந்து தாக்கின. வயது 53தான். 2020-ம் ஆண்டு அவருடைய 80-வது பிறந்த நாளன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது.

அவர் மறைந்த அதே 1994-ம் ஆண்டில்தான் நம் சென்னைப் பள்ளிச் சிறுவன் குற்றாலீசுவரன் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தான். ஒரு ஊரில் ஒரு கை ஓய்ந்தபோது இன்னொரு ஊரில் ஒரு கை வீசத் தொடங்கியது.

இன்றைக்கும் நீச்சல் குளத்துக்கு வெளியே, ஈரத் துண்டோடு பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய் தகப்பனைப் பார்க்கலாம். போட்டியில் கடைசியாக வந்துவிட்டதே என்று முகம் வாடி நிற்கும் பிள்ளைகளையும் பார்க்கலாம்.

அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். ஒலிம்பிக்கில் 49 வினாடி பின்தங்கியது ஒரு பிள்ளை. எந்தத் தூரம் தன்னுடைய தூரம் என்று அது கண்டுபிடிக்க இன்னும் ஏழு ஆண்டு ஆயிற்று.